ஃபார்மட் அடிக்கும் முன்: திருப்பூர் வீட்டுக் கணினியும் அதிலுள்ள கணக்கும்

இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்டதை அனுப்பும் திருப்பூரில், நூலாக வரும் சரக்கு பெட்டி கட்டிய பனியனாக வெளியேறுவதற்குள் நிட்டிங், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங் என்று பல கை மாறுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஜாப் ஒர்க் செய்து தரும் சிறு யூனிட்டுகள். அனுப்பர்பாளையம், 15 வேலம்பாளையம் போன்ற பகுதிகளில் அத்தகைய யூனிட்டுகள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே நடப்பதால், பிள்ளைகள் பாடம் படிக்கும் கணினியும் டெலிவரி சலான் போடும் கணினியும் பல வீடுகளில் ஒன்றாகவே இருக்கின்றன. அது மெதுவாகிவிட்டாலோ வைரஸ் புகுந்துவிட்டாலோ, ஃபார்மட் அடித்துப் புது ஓ.எஸ். போட்டுவிடலாம் என்பதே சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் வழக்கமான யோசனை. அந்த வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முந்தைய நாள் என்னென்ன எடுத்து வைக்கப்பட்டன என்பதைப் பொறுத்தே அந்த வீட்டின் தொழில் மறுநாள் நடக்கும் அல்லது நிற்கும்.

கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம், அதாவது ஓ.எஸ். எனப்படுவது. அதன் கோப்புகள் சிதைந்துபோனாலோ, நீக்க முடியாத தீநிரல் உள்ளே தங்கிவிட்டாலோ, வன்தட்டைத் துடைத்து அதைப் புதிதாக நிறுவுவது நியாயமான தீர்வுதான். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றதும், வீட்டுப் பயனர்களில் தனியே பதிவு செய்துகொள்வோருக்கு மட்டும் அவை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்டதும் இந்தத் தேவையை மேலும் கூட்டியிருக்கின்றன. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதாலும், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகள் பெரும்பாலும் அதன் பட்டியலில் இல்லை என்பதாலும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளை வைத்திருப்போரும் இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

எடுத்து வைக்க வேண்டியவற்றில் முதலாவது கணக்கு. டாலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதப்படும் கணக்கு, எண்களையே பெயராகக் கொண்ட கோப்புறைகளில் தங்குகிறது. அவை பெரும்பாலும் சி டிரைவிலேயே இருப்பதால், ஃபார்மட் முதலில் விழுங்குவது அவற்றைத்தான். டாலி உரிமம் அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், துடைப்பதற்கு முன்பே அதை உரிய கட்டளையின் வழியே ஒப்படைத்துவிட்டால் மறுபடி செயல்படுத்துவது எளிதாகும். கணக்கைக் காப்பது வசதிக்கான ஏற்பாடு மட்டுமன்று, சட்டக் கடமையும்கூட: ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. மின்னணுக் கணக்குகள் அழிய நேர்ந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கத்தக்க வகையில் நகல் இருக்க வேண்டும் என்று அதன் 57ஆம் விதி கூறுகிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பியதா என்பதைக் காட்ட வேண்டிய சலான்களும் இந்தக் கணக்கின் பகுதியே. டிஜிட்டல் கையொப்பத்தைப் பற்றி மட்டும் அஞ்ச வேண்டியதில்லை, அது யு.எஸ்.பி. டோக்கனுக்குள் இருப்பதால், புதிய இயங்குதளத்தில் அந்த டோக்கனுக்கான டிரைவரை நிறுவினால் போதும்.

எம்பிராய்டரி யூனிட்டுகளின் இழப்பு இன்னும் நுட்பமானது. பஞ்சிங் செய்து, அதாவது படத்தைத் தையல் கட்டளைகளாக மாற்றி, உருவாக்கப்படும் டிசைன் இரு வடிவங்களில் இருக்கும்: இயந்திரத்துக்குச் செல்லும் டி.எஸ்.டி. கோப்பு, டிசைனை வரைந்த மென்பொருளின் சொந்தக் கோப்பு. ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே தாவ வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்ற கட்டளைகளை மட்டுமே டி.எஸ்.டி. கொண்டிருப்பதால், பென்டிரைவில் தங்கிய அந்தக் கோப்பை வைத்து அதே அளவில் மறுபடி தைக்கலாம். பையர் அளவை மாற்றக் கேட்டாலோ பெரும்பாலும் புதிதாகப் பஞ்சிங் செய்ய வேண்டியதுதான். ஆகவே நகலெடுக்கும்போது இரண்டும் வேண்டும். பழைய தமிழ்க் கடிதங்களுக்கும் இதேபோன்ற ஆபத்து உண்டு. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்பதற்கு முன்பும், பல அலுவலகங்களில் அதற்குப் பின்பும், தமிழ் தனித்தனி எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்யப்பட்டதால், எழுத்துருக் கோப்பை எடுத்து வைக்காமல் கணினியைத் துடைத்தால் கடிதம் மிஞ்சும், வாசிக்க முடியாத குறிகளாக.

நகல் எங்கே வைக்கப்படுகிறது என்பதிலும் பரவலான ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. சி, டி, ஈ என்று பிரிக்கப்பட்ட டிரைவ்கள் பெரும்பாலும் ஒரே வன்தட்டின் பகுதிகளே. நிறுவும்போது திரையில் தோன்றும் பட்டியலில் ஒரு வரி தவறினால் டி டிரைவும் போய்விடும் என்பதால், அங்கே வைத்த நகலை நகலாகக் கருதுவதற்கில்லை. வெளி வன்தட்டில் எடுத்து, அதைக் கழற்றி, வேறொரு கணினியில் டாலி கோப்பையும் ஒரு டிசைனையும் திறந்து பார்த்த பிறகே துடைக்கத் துணியலாம். புதிய மடிக்கணினிகளில் தகவல்கள் தாமாகவே பூட்டப்பட்டிருக்கக்கூடும். அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புக் குறியீடு எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளது என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

நிறுவும் வேலையில் சொல்வதற்கு அதிகமில்லை. குறைந்தது 8 ஜி.பி. கொண்ட பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தே நிறுவல் கோப்புகளை இறக்கி, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரும்பாலான பிராண்டு கணினிகளில் உரிம எண் தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை நிறுவும்போது அது தானாகவே ஏற்கப்படும். இன்டெல் பதினொன்றாம் தலைமுறை முதலான சில மடிக்கணினிகளில் வட்டே பட்டியலில் தெரியாமல் போவதுண்டு. அதற்கான சேமிப்பக டிரைவரைப் பென்டிரைவில் சேர்த்து வைத்துக்கொண்டால் அந்தத் தடையைக் கடக்கலாம்.

உரிமம் இல்லாத விண்டோஸை ஆக்டிவேட்டர் என்ற சிறு நிரலால் திறந்து கொடுக்கும் வழக்கமே இங்கு மிகுந்த கவலைக்குரியது. முழு அதிகாரத்தோடு ஓட வேண்டிய அந்நிரலுக்காக வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டும் கணினியில், யார் எழுதியது என்று தெரியாத நிரலுக்குக் கதவைத் திறந்துவிடுவதே அது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறவிடுவதும் ஆபத்தே: 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதலைத் தடுக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே வெளிவந்திருந்தது என்பதும், பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் அத்திருத்தம் ஏறாத கணினிகள் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. விண்டோஸுக்குச் செலவிட முடியாதவர்களுக்கும் விண்டோஸ் 11 ஏறாத கணினிகளுக்கும் லினக்ஸ் நேர்மையான வழியாக இருக்கிறது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே விண்டோஸுடன் சேர்ந்து மாணவர் வீடுகளுக்குள் நுழைந்தது. படிக்கவும், இணையத்தில் ஜி.எஸ்.டி. படிவம் நிரப்பவும் லினக்ஸ் போதும். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது என்பதால் கணக்கு எழுதும் கணினிக்கு மட்டும் லினக்ஸ் எளிதில் பொருந்தாது.

துடைத்துவிட்டோம் என்று எண்ணும் வன்தட்டு உண்மையில் துடைக்கப்பட்டிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. நிறுவும்போது செய்யப்படும் விரைவு ஃபார்மட், பேரேட்டின் பக்கங்களைத் தொடாமல் முன்பக்க அட்டவணையை மட்டும் கிழித்தெறிவதைப் போன்றது. தவறுதலாக ஃபார்மட் அடித்தவர் அக்கணமே கணினியை நிறுத்திவிட்டால் பழைய சுழல்வட்டிலிருந்து பெருமளவு மீட்க முடிவது இதனால்தான். உள்ளூரிலோ கோவையிலோ பழைய கணினியை விற்றவரின் கணக்கு வாங்கியவருக்குக் கிடைக்கக்கூடுவதும் இதே காரணத்தால்தான். சுழல்வட்டை முழு ஃபார்மட்டால் மேலெழுதி அழிக்கலாம். எஸ்.எஸ்.டி. வட்டோ தகவலை உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் மேலெழுதுவதை நம்ப இயலாது. அதன் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். திருப்பூரின் யூனிட்டுகளில் இது உரிமையாளரின் கணக்கோடு நிற்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களின் ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக் பக்கமும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவும் அதே வட்டில் கிடக்கின்றன. அவர்களிடம் கேட்காமல் அவற்றைப் பிறர் கைக்குப் போகவிட உரிமையாளருக்கு உரிமை இல்லை. சரியாக அழிக்கும் வழி தெரியாதபோது, வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதிக் கணினியை மட்டும் விற்பதே முறை.