பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு யார் துணை?



நம்ம பிள்ளைக்கு பதினெட்டு வயசு ஆயிடுச்சுன்னு வீட்டை விட்டு அனுப்பி விடுகிறோமா? இல்லை. சேலத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போனாலும் பொங்கலுக்கு மாரமங்கலம் வந்துவிடும். காய்ச்சல் என்றால் அம்மாவுக்குப் போன் போடும். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளையோ 18 முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். பலருக்குப் போன் போடக்கூட ஆள் இருக்காது.

இவர்களுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-வது பிரிவு, இல்லத்தை விட்டு வரும் பிள்ளைக்குப் பண உதவி செய்யலாம் என்கிறது. இதற்குப் பெயர் பிற்காப்பு. தங்கும் இடம், படிப்பு, தொழிற்பயிற்சிக்கு உதவி கேட்கலாம். இது 21 வயது வரை. மிகவும் தேவைப்பட்டால் 23 வரை நீட்டலாம். 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா நெறிமுறையில் மாதம் ரூ.4,000 என்று உள்ளது. ஆனால் இது தானாக வீடு தேடி வராது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுத்துக் கேட்க வேண்டும்.

பணம் மட்டும் போதுமா? போதாது. டெல்லியில் 1994-ல் தொடங்கிய உதயன் கேர் என்ற தொண்டு நிறுவனத்தின் சிறு இல்லங்களில் 'வழிகாட்டித் தாய்' என்று பெண்கள் சம்பளம் இல்லாமல் பிள்ளைகளுக்குப் பல வருஷம் துணை நிற்கிறார்கள். அதை நாமும் செய்யலாமே!

நாம் என்ன செய்யலாம்?

1. ஒரு பிள்ளைக்கு இரண்டு உறுப்பினர் பொறுப்பு எடுப்போம். பாதுகாப்பு அலகுக்குச் சொல்லிவிட்டே தொடங்குவோம்.

2. வாரம் ஒரு போன், பண்டிகைக்கு ஒரு சாப்பாடு. சொன்ன நாளில் கட்டாயம் செய்யணும். ஏற்கெனவே பலர் விட்டுப் போன பிள்ளை அது.

3. வங்கி, ரேஷன் கார்டு, ஆதார் வேலைக்குக் கூடப் போவோம். மலையாளி இனப் பிள்ளைக்கு எஸ்.டி. சான்று ஆர்.டி.ஓ. தான் தர வேண்டும். பெற்றோர் யார், எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். ஏழு வயசில் மலையை விட்டு இறங்கிய பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆனால் அதன் அம்மாவையும் தாய்மாமனையும் நம்மில் யாருக்காவது தெரியும். எந்த ஆபீசிலும் இல்லாத விவரம் அது.

4. 18 முடிந்த பெண் விரும்பினால் குழுவில் சேர்க்கலாம். சேமிப்பு பழகட்டும். கடனுக்கு அவசரப்படுத்த வேண்டாம்.

செய்யக்கூடாததும் உண்டு. வீட்டு வேலைக்கும் காபி பறிக்கவும் ஆள் கிடைச்சதுன்னு நினைக்கக் கூடாது. முன்பணம் தரும் ஏஜென்டோடு அனுப்பக் கூடாது. "வயசு ஆச்சு, ஒரு மாப்பிள்ளை பாத்து முடிச்சுடலாம்" என்றும் அவசரப்படக் கூடாது. அதன் பழைய கதையைக் கேட்டுத் துளைக்க வேண்டாம். சொன்னால் கேட்போம், வெளியே சொல்ல வேண்டாம். பையன்களுக்கும் இதே துணை வேண்டும்.

வரும் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு கேள்வி கேட்போம்: நம்ம ஊரிலிருந்து இல்லத்துக்குப் போன பிள்ளைகள் யார் யார், இப்போது அவர்களுக்கு என்ன வயசு? தெரிந்ததை ஊக்குநரிடம் தனியாகச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது "வா கண்ணு" என்று சொல்ல ஒரு வீடாவது இருக்கட்டும்.