பரங்கிக்காயின் அடி அழுகினால்: காரணம், காப்பு, உரிமை

மேலே பார்த்தால் காய் நன்றாகத் திரண்டிருக்கும். வியாபாரி விலை பேசி வண்டியும் கொண்டுவந்துவிடுவார். தூக்கும்போதுதான் தெரியும், மண்ணோடு ஒட்டிக் கிடந்த அடிப்பக்கம் சொதசொதவென்று உள்வாங்கியிருப்பது. அந்தக் காய்க்கு விலை இல்லை. அதோடு சேர்த்து அடுக்கினால் பக்கத்துக் காயும் கெடும்.

பரங்கி, மஞ்சள் பூசணி, அரசாணி என்று ஊருக்கு ஒரு பெயரில் வழங்கும் காய்க்கும், சாம்பல் பூசணிக்கும் இந்தத் தொல்லை உண்டு. காய் பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் கூடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 பரங்கி ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரைதான் வரும். கோ 1 காயோ ஏழெட்டுக் கிலோ. அந்த எடை முழுவதும் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் அழுந்திக் கிடக்கிறது. அங்கே வெயில் படாது, காற்று புகாது, ஈரம் காயாது. மண்ணில் இருக்கும் பூஞ்சாணத்துக்கு அதுவே போதும். தோலில் காயம் இல்லாவிட்டாலும் நுழைந்துவிடும்.

மேலிருந்து அடிக்கும் மருந்து இலையிலும் காயின் முதுகிலும்தான் படுகிறது. நோய் இருப்பதோ காய்க்கும் மண்ணுக்கும் நடுவில். அதனால்தான் அழுகல் கண்ட பிறகு அடிக்கும் மருந்துக்குப் பெரிதாகப் பலன் கிடைப்பதில்லை. முன்கூட்டிக் காப்பதுதான் வழி.

எல்லா அழுகலும் ஒன்றல்ல

காயைப் புரட்டினால் அடியில் வெளிறிய மஞ்சள் திட்டு தெரியும். கெட்டியாக இருந்தால் அது நோயே அல்ல. வெயில் படாத இடத்தின் நிறம் அவ்வளவுதான்.

பழுப்பாக உள்வாங்கி, வெடிப்புவிட்ட புண் என்றால் பெரும்பாலும் ரைசோக்டோனியா. வெள்ளைப் பஞ்சு படர்ந்து காய் நீர்விட்டுக் கசிந்தால் பித்தியம். வெள்ளை இழைகளுக்கு நடுவே கடுகளவு பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் ஸ்கிளிரோசியம். வெள்ளம் நின்று வடிந்தபின் நீர்கோத்த திட்டும் மாவு பூத்ததுபோன்ற வெண்மையும் வந்தால் பைட்டோப்தோராவைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய ஆய்வகத்தில் காட்ட வேண்டும்.

பூ இருந்த நுனியில் மட்டும் கருத்து அழுகினால் காரணம் வேறாக இருக்கலாம்: சீரற்ற பாசனத்தால் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச்சேராத குறை. தோலில் ஊசி குத்தியதுபோல் துளையும் கசிவும், உள்ளே புழுவும் இருந்தால் பழ ஈயின் வேலை. இந்த இரண்டுக்கும் பூஞ்சாண மருந்து வாங்கினால் பணம்தான் வீண்.

காய்க்குக் கீழே என்ன போடலாம்?

பிஞ்சு கைப்பிடி அளவு ஆனதும் அடியில் படுக்கை போட்டுவிட வேண்டும். காய் கனத்தபின் தூக்கினால் காம்பு ஒடியும், கொடி பிசகும். காய்ந்த வைக்கோல், கரும்புச் சோகை, தென்னங்கீற்று எதுவானாலும் சரி, தண்ணீர் வடிய வேண்டும் என்பதே கணக்கு. களிமண்ணிலும் கரிசலிலும் முதலில் மணலைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வைக்கோல் போடுவது நல்லது. பச்சைத் தழையும் ஈரச் சாக்கும் நீரைப் பிடித்துவைத்துக் கெடுக்கும். குழிந்த தட்டும் வேண்டாம். அதில் மழைநீர் தேங்கும். வைக்கோல் மழையில் ஊறி மட்கினால் மாற்றிவிடுங்கள்.

போட்டிக்காக ராட்சதக் காய் வளர்க்கும் அமெரிக்க விவசாயிகளுக்கும் இதே கவலைதான். 2023-இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் வென்ற காயின் எடை ஏறத்தாழ 1,247 கிலோ. இப்படிப்பட்ட காய் வளர்ப்பவர்கள் அடியில் மணலும் தண்ணீர் வடியும் பின்னல் விரிப்பும் போடுகிறார்கள்.

தண்ணீரும் நிலமும்

பொங்கல் சந்தையை நினைத்துப் பயிரிட்டால் காய் திரளும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்துவிடும். அந்தப் பட்டத்தில் மேட்டுப்பாத்தியும் வடிகாலும் இல்லாமல் இறங்குவது ஆபத்து. தண்ணீர் வாய்க்காலில் ஓட வேண்டும், காய் பாரின் மேல் இருக்க வேண்டும். சொட்டுநீர் என்றால் இன்னும் நல்லது. காலையில் பாய்ச்சினால் மேல்மண் மாலைக்குள் உலரும். அறுவடை நெருங்கும்போது பாசனத்தைக் குறைத்துவிடுங்கள்.

விதைக்கும் முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பதும், ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ டிரைக்கோடெர்மாவை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து மண்ணில் இடுவதும் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்த உதவும். அழுகல் கண்ட நிலத்தில் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பூசணி இனம் வேண்டாம். பைட்டோப்தோரா மிளகாயையும் தக்காளியையும் தாக்கும், ஸ்கிளிரோசியம் நிலக்கடலையைத் தாக்கும். ஆகவே மாற்றுப்பயிருக்குச் சோளமோ மக்காச்சோளமோ பாதுகாப்பு.

அழுகிய காயை வாய்க்காலில் எறிந்தால் நோய் தண்ணீரோடு வயல் முழுக்கப் போகும். அப்புறப்படுத்தி ஆழமாகப் புதையுங்கள். நல்ல காயைக் காம்போடு வெட்டி, காம்பைப் பிடித்துத் தூக்காமல், காற்றாடும் இடத்தில் வைக்கோல்மேல் ஒற்றை வரிசையாக வையுங்கள்.

மருந்துக்கடையில் உங்கள் உரிமை

பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி இரண்டுமே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருபவை. உரிமம் பெற்றவர் மட்டுமே விற்கலாம். ரசீது கொடுத்துத்தான் விற்க வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதித் தருவதை ஏற்காதீர்கள். ரசீதில் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கட்டும். காலாவதித் தேதியை டப்பாவில் பாருங்கள்.

லேபிளில் உள்ள பயிர்ப் பட்டியலில் உங்கள் பயிர் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது உள்ளே இருக்கும் துண்டறிக்கையில் அச்சாகியிருக்கும். அதை மீறினால் நஞ்சு சாப்பிடுபவரின் தட்டுக்குப் போகிறது. டப்பாவின் முக்கோணத்தில் சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும்.

போலி மருந்து என்று தோன்றினால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பப் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. விதையில் சந்தேகம் என்றால் விதை ஆய்வாளரை அணுகலாம்.

நட்டம் வந்துவிட்டால்

முதலில் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். வடிகால் இல்லாமல் அழுகியதற்குக் கடைக்காரரைக் குறைசொல்ல முடியாது. மருந்தோ விதையோ தரமற்றது என்றால் நீங்கள் நுகர்வோர். விதைக் குறைபாட்டுக்காக விவசாயி நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதிப்படுத்தியது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வெள்ளம் தேங்கி அழுகினால் வழி வேறு. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பயிர் காப்பீட்டுக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று விதைக்கும்போதே தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, பிரீமியம் கட்டிவையுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இத்தகைய சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அழைக்க வேண்டிய எண் 14447. காப்பீடு இல்லாவிட்டாலும், பேரிடர் நிவாரணத்துக்கான கணக்கெடுப்பில் 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் சேதம் பதிவானால் இடுபொருள் நிவாரணம் கேட்க இடமுண்டு. அதற்கு அடங்கலில் பயிர் பதிவாகியிருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் சான்று தேவை. அழுகிய காயைப் புதைக்கும் முன் அடிப்பக்கத்தையும் வயலையும் தேதியோடு படம் எடுங்கள். ரசீது, காலி டப்பா, விதைப் பொட்டலம் மூன்றையும் அறுவடை முடியும்வரை தூக்கிப்போடாதீர்கள். என்ன நோய் என்று குழப்பமாக இருந்தால், மருந்துக்கடைக்குப் போகும் முன் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேளுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.