ஸ்வரப் புத்தகம் இருந்தும் ஏன் கேட்டுக் கற்க வேண்டும்?

கர்நாடக இசையில் தோடி ராகத்துக் காந்தார ஸ்வரம் புத்தகத்தில் ‘க’ என்ற ஓரெழுத்துதான். பாடும்போதோ அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். அசைவின் வேகமும் அகலமும் அந்த எழுத்தில் இல்லை. 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் இத்தகைய அசைவுகளான கமகங்களுக்கெனத் தனிக் குறிகளே அமைத்தார். பிரமிக்க வைக்கும் உழைப்பு. ஆனாலும் ராகத்தை முன்பே கேட்டவருக்குத்தான் அக்குறிகள் பேசும்.

காது எப்படிக் கற்கிறது? கேட்ட ஒலியை மனம் சிறிது நேரமே அப்படியே வைத்திருக்கும். அதனால்தான் ஆசிரியர் சங்கதியை, அதாவது ஒரு வரியின் இசை மாறுபாட்டை, துண்டு துண்டாகப் பாடுகிறார். மாணவர் உடனே திருப்பிப் பாடும்போது, மூளையில் கேட்கும் பகுதியும் குரலை இயக்கும் பகுதியும் பிணைகின்றன. பிசகினால் காதே காட்டிக்கொடுக்கும். முதலில் பதிவது ஏற்ற இறக்கத்தின் வடிவம், துல்லியம் பிறகுதான்.

மேற்கத்திய சிம்பொனியின் கதை வேறு. பல கருவிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளை வாசிக்கும். இசைக்குறிப்புத் தாள் இல்லாமல் அத்தனை பேரை ஒருங்கிணைப்பது பெரும்பாடு. நம் வகுப்பிலும், மறந்துபோன சரணத்தை மீட்க நோட்டுப் புத்தகம் வேண்டும். கண்ணை அதிலேயே வைத்துப் பாடுகிறவரின் கமகம் மட்டும் சப்பென்றிருக்கும்.