மஞ்சளான ஆறு குழிகள்

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, மயிலாப்பூர்க் காவல் இல்லத்தில் இருந்த பாலியல் தொழிலாளரிடம் குருதி சேகரித்தார். ஆய்வை வழிநடத்தியவர் பேராசிரியர் சுனிதி சாலமன். குருதியிலிருந்து பிரித்த தெளிநீர்க் குப்பிகள் நிர்மலா வீட்டுக் குளிர்பெட்டியில் காத்திருந்தன. பின்பு பனிக்கட்டியில் பொதிந்து வேலூருக்குப் பயணமாயின. அங்கே சோதனைத் தட்டின் மூடியைத் திறந்தபோது ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன. எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டதற்கு அதுவே முதல் சான்று.

அக்குழியின் அடியில் நச்சுயிரியின் புரதம் பூசப்பட்டிருக்கும். அதனை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டிக்கொண்டால், நொதி நிறம் காட்டும். ஆக, இச்சோதனை தேடுவது பகைவனை அன்று, அவன் பதித்துச்சென்ற தடத்தை. தொற்றிய முதல் சில கிழமைகளில் தடமே இராது; அக்காலத்தில் ‘தொற்றில்லை’ என்ற முடிவை முழுதாக நம்பலாகாது. அதனால்தான் தொழிலில் இருப்போர் குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் சோதித்துக்கொள்கின்றனர்.

அன்று குருதி எதற்கென்று மயிலாப்பூர்ப் பெண்களுக்குச் சொல்லவில்லை. பின்னாளில் தொற்றுடைய பெண்கள் சிலரைச் சென்னையில் அடைத்தே வைத்தனர். நீதிமன்றம் தலையிட்ட பிறகே விடுதலை கிடைத்தது. நோயைப் பரப்புவோர் அவர்களே என்பது ஊரார் துணிபு. கணக்கோ வேறு. காப்பின்றிக் கூடினால், தொற்றுடைய ஆணிடமிருந்து பெண்ணுக்கு நோய் தாவும் வாய்ப்பு 10,000 முறைக்கு ஏறத்தாழ 8. பெண்ணிடமிருந்து ஆணுக்கு அதில் பாதி. வேறு பால்வினை நோய்ப்புண் இருப்பின் இரண்டுமே ஏறும். அவர்களிடம் வந்துபோன ஆண்களை எவரும் காவல் இல்லத்தில் வைத்ததில்லை.

தாவும் வாய்ப்பைத் தீர்மானிப்பது குருதியில் உள்ள நச்சுயிரியின் எண்ணிக்கை. ஒன்பது நாடுகளில் 1,763 இணையரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று, நச்சுயிரியை அடக்கும் மருந்தை முன்னரே தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைவதை 2011-இல் காட்டியது. அதன் களங்களுள் சென்னையும் ஒன்று. சுனிதி சாலமன் நிறுவிய மையமே அங்கே பங்கேற்றது. எண்ணிக்கை அளவிட முடியாத அளவுக்குத் தாழ்ந்து, அங்கேயே நிலைத்துவிட்டால் கலவி வழியே தொற்றுவதில்லை என்பது இன்று உறுதி. ஆயினும் ஆணுறையைக் கைவிட இயலாது. மேகநோயையும் வெட்டைநோயையும் அம்மருந்து தடுக்காது.

இந்தியாவில் இலவச மருந்து 2004-இல் தொடங்கியது. தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே மருந்து என்பது 2017-இன் முடிவு. இசைவின்றிச் சோதிப்பதைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. இன்று ‘நம்பிக்கை மையம்’ எனும் சோதனை மையத்தில் முதலில் பேச்சு, பிறகே ஊசி. மருந்தும் நாளொன்றுக்கு ஒரு மாத்திரையாகச் சுருங்கிவிட்டது. ஆனால் இரவெல்லாம் விழித்தவள் காலை வரிசையில் நிற்கவேண்டும். ஊர் மாறினால் சிகிச்சை அட்டையும் உடன் மாறவேண்டும். திடீரெனக் காவலர் அழைத்துச்சென்றால் மாத்திரைக் குப்பி அறையிலேயே தங்கிவிடும். மருந்து விட்டுப்போன சில கிழமைகளில் நச்சுயிரி மீண்டும் பெருகத் தொடங்கும்.