ஏலப் பட்டியல் என்னும் பிரதி: பழைய வெள்ளி குறித்துச் சில குறிப்புகள்

'ஏலம்' தமிழ்ச் சொல் இல்லை. போர்ச்சுகீசியர் கப்பலிலிருந்து இறக்கிய சரக்குகளோடு இந்தச் சொல்லும் இறங்கியது. அவர்களுடைய 'லெய்லாவ்' தமிழில் ஏலமாகவும் இந்தியில் நீலாமாகவும் ஆயிற்று. வந்த சொல்லுக்குத் தமிழ் கொடுத்த வினைகள்தாம் சுவாரஸ்யமானவை. உடைமையாளர் ஏலம் 'விடுகிறார்'. வாங்க நினைப்பவர் ஏலம் 'கேட்கிறார்'. கடைசியில் ஒருவர் 'எடுக்கிறார்'. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், அவ்வளவுதான். விலை கேட்கிறவர் அந்த இடத்தில் வேறெதையும் கேட்பதில்லை. கேட்கப்படாமல் போகிற அந்த மற்றவற்றைப் பற்றியது இக்கட்டுரை.

இலக்கியப் பத்திரிகையில் வெள்ளிக் கெண்டிக்கும் சர்க்கரைக் கிண்ணத்துக்கும் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நான் இவற்றை வாங்குகிற ஆள் இல்லை. பட்டியல்களை வாசிக்கிற ஆள். சோதபீஸ் (1744), கிறிஸ்டீஸ் (1766) போன்ற லண்டன் நிறுவனங்கள் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அச்சிட்டு வருகிற ஏலப் பட்டியல்கள் தமக்கென இலக்கணம் உடைய ஒரு எழுத்து வகை. ஒரு பொருளின் வரலாற்றில் யார் பெயர் நிற்க வேண்டும், யார் பெயர் உதிர வேண்டும் என்பதை அவை சத்தமில்லாமல் தீர்மானிக்கின்றன. நாம் 'கதையாடல்' என்று மாய்ந்து மாய்ந்து எழுதுவதை அவர்கள் நாலு வரியில் செய்து, அதற்கு ஒரு எண்ணும் போட்டு, விற்றும் விடுகிறார்கள்.

1. முத்திரையை வாசித்தல்

பழைய ஆங்கில வெள்ளியின் அடியைத் திருப்பினால் சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாகத் தெரியும். பொன்வினைஞர் சங்கத்தின் 'ஹால்' எனப்பட்ட மண்டபத்தில் சோதித்துக் குத்தியதால் இது 'ஹால்மார்க்'. நம்ம நகைக்கடை விளம்பரங்களில் இன்று முழங்குகிற சொல்லின் பிறப்பு இதுதான். சிறுத்தைத் தலை 1300ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. நடக்கும் சிங்கம் 1544இல் வந்தது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்குச் சாட்சி. 1478 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. 1784 முதல் 1890 வரை அரசரின் தலை ஒன்றும் சேரும். வரி கட்டியாயிற்று என்று அர்த்தம். ஆக, அழகுப் பொருளின் அடியில் இருப்பது அரசாங்கத்தின் ரசீது.

இவற்றோடு இன்னொரு முத்திரை உண்டு. 1363 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இரண்டு மூன்று எழுத்துகள் மட்டுமே. இதை 'செய்தவர் முத்திரை' என்கிறார்கள். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அந்த எழுத்துகள் பொருளைச் செய்தவருடையவை என்று சொல்ல முடியாது. பொருளைச் சோதனைக்கு அனுப்பி அதற்குப் பொறுப்பேற்றவருடையவை. அவர் பட்டறை முதலாளியாக இருக்கலாம். பிறரிடம் கூலிக்குச் செய்யக் கொடுத்து வாங்கி விற்ற வியாபாரியாகவும் இருக்கலாம். தகடு தட்டியவர், வார்த்தவர், நகாசு செய்தவர், மெருகு போட்டவர் என்று ஒரே கெண்டியில் பல கைகள் பட்டிருக்கும். எழுத்து ஒருவருக்குத்தான்.

1969இல் ஃபூக்கோ 'ஆசிரியன்' என்பவன் யார் என்று கேட்டபோது, ஆசிரியன் பெயர் என்பது ஆளைச் சுட்டுவதைவிடப் பிரதிகளைத் தொகுக்கவும் பொறுப்பாக்கவும் பயன்படுகிறது என்ற திசையில் போனார். வெள்ளிக்காரர்களுக்கு அது அறுநூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது! ஹெஸ்டர் பேட்மன் என்ற லண்டன் பெண்ணை எடுத்துக்கொள்வோம். கணவர் இறந்த பிறகு 1761இல் தன் பெயருக்கான முத்திரையைப் பதிவு செய்து, 1790 வரை பட்டறையை நடத்தியவர். இன்று சேகரிப்பாளர்கள் அவர் முத்திரைக்குக் கூடுதல் விலை தருகிறார்கள். ஒரு பெண் பட்டறையைக் கட்டி ஆண்டது சாதாரண விஷயமில்லை, அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்த முத்திரை விழுந்த கரண்டிகளையெல்லாம் அவரே தட்டினார் என்று நினைப்பது, முத்திரையை வாசிக்கத் தெரியாததன் விளைவு. மகன்கள், பயிற்சிப் பையன்கள், வெளி வேலைக்காரர்கள் எல்லாரும் அந்த இரண்டு எழுத்துக்குள் அடங்கிப் போனார்கள்.

பட்டியல் வாசகம் பொதுவாக இப்படி அமையும்: மூன்றாம் ஜார்ஜ் காலத்துச் சர்க்கரைக் கிண்ணம், இன்னார், லண்டன், இன்ன ஆண்டு, இத்தனை அவுன்ஸ், ஒரு கனவானின் உடைமை. காலத்துக்கு அரசன் பெயர். வேலைக்கு முதலாளி பெயர். உடைமைக்குக் கனவான். கிண்ணம் எதற்காகப் பிறந்ததோ அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? மூன்றாம் ஜார்ஜ் ஆட்சியில் அது பெரும்பாலும் கரீபியத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பு. 1791இல் பிரிட்டனில் பல குடும்பங்கள் அதனாலேயே சர்க்கரையை விலக்கின. பட்டியலில் 'சர்க்கரை' என்ற சொல் மட்டும் மிச்சம்.

2. எடையும் கதையும்

வெள்ளிச் சாமானுக்கு இரண்டு விலை. ஒன்று உருக்கினால் கிடைப்பது, இன்னொன்று உருக்காமல் வைத்தால் கிடைப்பது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் ஏல நிறுவனத்தின் பிழைப்பு ஓடுகிறது. வித்தியாசம் சுருங்கினால் என்ன ஆகும் என்பதை 1980 காட்டியது. டெக்சாஸ் கோடீஸ்வரர்களான ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில், அவுன்ஸ் ஆறு டாலர் வாக்கில் இருந்த விலை ஒரே வருஷத்தில், 1980 ஜனவரியில், ஐம்பது டாலரை நெருங்கியது. பழைய கெண்டிகளும் தட்டுகளும் வரிசையாக உலைக்குப் போயின. 2025 அக்டோபரில் வெள்ளி அந்த ஐம்பதைத் தாண்டியபோது அதே கேள்வி திரும்பவும் வந்தது: இந்தச் சாமானின் கதை, அதன் எடையைவிடப் பெறுமா?

உருக்குவது வெள்ளியின் பழைய பழக்கம். பொலிவியாவின் பொத்தோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டார்கள். 1570களில் வைஸ்ராய் தொலேதோ 'மித்தா' என்னும் கட்டாய உழைப்பு முறையை ஒழுங்குபடுத்தி ஆந்திஸ் மலைவாழ் மக்களை முறைவைத்து அந்தச் சுரங்கத்துக்கு இழுத்தார். அந்த வெள்ளி நாணயமாகி, உருகி, தட்டாகி, திரும்ப உருகி உலகமெல்லாம் கலந்துவிட்டது. எந்தக் கிண்ணத்தில் பொத்தோசி இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே சுரங்கத்தில் செத்தவனுக்குப் பட்டியலில் இடம் கிடைக்க வாய்ப்பே இல்லை.

நம்ம வீடுகளுக்கு வருவோம். சீராக வந்த குத்துவிளக்கிலும் வெள்ளித் தம்ளரிலும் பெயர் வெட்டியிருக்கும். பிறந்த வீட்டுப் பெயர், சில சமயம் தேதி. பெண்ணுக்கென்று எழுத்தில் இருக்கிற சொத்துப் பத்திரம் பல குடும்பங்களில் அது ஒன்றுதான். அடகு மூழ்கிப்போனால் கடைக்காரருக்கு அந்தப் பெயர் வெறும் கீறல். தராசில் போட்டு எடையைப் பார்ப்பார். லண்டனிலோ தட்டில் வெட்டிய குலச் சின்னம் இருந்தால் விலை ஏறும். யாராவது அதைத் தேய்த்து அழித்திருந்தால் விலை இறங்கும். வெட்டிய பெயர் ரெண்டு இடத்திலும் பெயர்தான். ஒன்று 'வரலாறு', மற்றது கழிவு. எது எதுவாகும் என்பதை உலோகம் தீர்மானிக்கவில்லை.

3. பூர்வோத்தரம்

ஒரு பொருள் யார் யார் கை மாறி வந்தது என்ற விவரத்தை ஏலக்காரர்கள் 'ப்ராவனன்ஸ்' என்பார்கள். பூர்வோத்தரம் என்ற நம் சொல் பொருத்தமாக இருக்கும். பூர்வோத்தரம் நன்றாக இருந்தால் விலை கூடும். அது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் சில நேரம் அங்கேயும் ஒரு ஏலம் நிற்கும்.

1868 ஏப்ரலில் ராபர்ட் நேப்பியர் தலைமையில் பிரிட்டிஷ் படை எத்தியோப்பியாவின் மக்தலாக் கோட்டையைப் பிடித்தது. பேரரசர் தெவோத்ரோஸ் தற்கொலை செய்துகொண்டார். பம்பாயிலிருந்து புறப்பட்ட அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். நம்ம மெட்ராஸ் சாப்பர்களும் போயிருந்தார்கள். தேவாலயத்தின் சிலுவைகள், கிண்ணங்கள், கையெழுத்துச் சுவடிகள் எல்லாம் வாரப்பட்டன. சுமந்து வர 15 யானைகளும் ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன என்று சொல்லப்படுகிறது. பிறகு தலாந்தா சமவெளியில் இரண்டு நாள் ஏலம். பிரிட்டிஷ் மியூசியம் தன் ஆள் ஒருவரைப் படையோடு அனுப்பியிருந்தது. அவரும் ஏலம் கேட்டார். வந்த பணம் படைக்குப் பங்கு.

இந்த ஏலத்தை 'கொள்ளைப் பொருளை விற்றார்கள்' என்று மட்டும் பார்ப்பது போதாது. ஏலத்துக்கு முன்னால் அது கொள்ளை. பின்னால் அது கொள்முதல். திருடியவனுக்கும் வைத்திருப்பவனுக்கும் நடுவில் ஒரு விலை வந்து உட்கார்ந்துகொண்டது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் வெற்றிப் பங்கு என்ற பெயரில் திப்புவின் உடைமைகள் இப்படித்தான் பிரிக்கப்பட்டன. தளபதி பெயர்டுக்கு 'அளிக்கப்பட்ட' திப்புவின் வாள் 2023 மே மாதம் லண்டன் போனம்ஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. 'அளிக்கப்பட்டது', 'பெறப்பட்டது', 'வழிவழியாக வந்தது' — செயப்பாட்டு வினையின் அரசியலை இலக்கண வகுப்பில் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொரு நகரம், இன்னொரு காலம். 1939 பிப்ரவரி 21 அன்று நாஜி அரசு யூதர்கள் எல்லாரும் தங்கம், வெள்ளி, நகைகளை நகராட்சி அடகு நிலையங்களில் ஒப்படைக்க உத்தரவிட்டது. கல்யாண மோதிரத்தையும் சாப்பிடக் கொஞ்சம் கத்தி கரண்டிகளையும் வைத்துக்கொள்ளலாம். கொடுத்த விலை பேருக்குத்தான். பெரும்பகுதி உருக்கப்பட்டது. சப்பாத் குத்துவிளக்குகள், கிட்டூஷ் கோப்பைகள் எல்லாம் எடையாயின. மியூனிக்கில் பவேரிய தேசிய அருங்காட்சியகம் சிலவற்றை வாங்கி வைத்தது. அதில் மிஞ்சிய 111 பொருள்களை உரியவர்களின் வாரிசுகளிடம் சேர்க்கும் வேலையை அண்மை ஆண்டுகளில் அந்த அருங்காட்சியகம் செய்து வருகிறது. துப்பு எப்படிக் கிடைத்தது? அடகு நிலையக் குமாஸ்தா 1939இல் அடியில் ஒட்டிய சின்னக் காகிதச் சீட்டு. அதிலிருந்த எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் பெயர் வந்தது. பறித்த அதிகாரத்தின் சீட்டே பறிகொடுத்தவரைக் காட்டிக்கொடுத்தது.

1998 வாஷிங்டன் மாநாட்டுக்குப் பிறகு பெரிய ஏல நிறுவனங்களில் 1933-45 காலத்துப் பூர்வோத்தரத்தில் ஓட்டை இருந்தால் நின்று விசாரிக்கிற வழக்கம் வலுப்பட்டது. நல்லது. ஆனால் 1799க்கும் 1868க்கும் அப்படி ஒரு வழக்கம் உருவாகவில்லை. 2021இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மக்தலாப் பொருள்கள் சில ஏலத்துக்கு வந்தன. எத்தியோப்பியா எதிர்த்த பிறகு விலக்கப்பட்டன. ஒரு அறக்கட்டளை காசு கொடுத்து வாங்கி எத்தியோப்பியாவிடம் சேர்த்தது. பறிகொடுத்தவன் பொருள் திரும்ப வேண்டுமானால் யாராவது ஒருத்தர் அதற்கு விலை தர வேண்டும் என்பதுதான் இன்றைய நியாயம்.

4. சாமி வெள்ளி

இதில் மெட்ராஸ் நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடம் 'சுவாமி சில்வர்'. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்ட் சன்ஸ் விற்ற தேநீர்ச் செட்டுகள் இந்தப் பெயரில் இன்றும் ஏலங்களில் வருகின்றன. 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது பரிசாகக் கொடுத்த செட்டு ஒன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. உருவம் இங்கிலீஷ்: கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம். உடம்பெல்லாம் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தது போலச் சாமிகள், மாடத்துக்கு ஒன்றாக. தகட்டை அரக்கில் பதித்து, பின்புறமிருந்து தட்டிப் புடைத்து, முன்புறம் நகாசு செய்து எழுப்பியவை. துரை வீட்டு மேஜையில் விஷ்ணுவின் வயிற்றுக்குள் தேயிலை கொதித்தது.

அடியில் கம்பெனி பெயர் குத்தியிருக்கும். தட்டிய பத்தர் பெயர் இருக்காது. இந்தியாவில் அன்று கட்டாய ஹால்மார்க் இல்லை என்பதால், லண்டன் தொழிலாளிக்கு எட்டாத முத்திரை இங்கே வேறு விதத்தில் எட்டாமல் போனது. இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். உடனே 'நமது மரபின் பெயரற்ற கலைஞன், தன் பெயரை விரும்பாத ஞானி' என்று ஒரு கூட்டம் கிளம்பும். விரும்பவில்லை என்று யார் கேட்டுச் சொன்னார்கள்? பெயர் போட இடம் தராததைப் பெயர் துறப்பு ஆக்குவது நம் ஊர்ப் பண்டிதர்கள் செய்கிற ஏலம். பத்தரை மட்டும் உயர்த்திப் பிடித்தாலும் சரியாகாது. அரக்கு காய்ச்சியவர், கரி சுமந்தவர், துருத்தி ஊதிய பையன் ஆகியோருக்குப் 'பெயரற்ற கலைஞன்' என்ற பட்டம்கூடக் கிடையாது.

5. என்ன கேட்பது?

பொருள்களை எல்லாம் உடைத்துப் போடு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கிண்ணங்களில் சில உண்மையாகவே அழகானவை. அழகை ரசிப்பதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் இந்தியாவை விட்டுத் தனியார் கையில் வெளியேறக் கூடாது. சட்டம் எல்லையைக் காவல் காக்கும். பட்டியலின் வாக்கியத்தை அது திருத்தாது. வாக்கியம் எழுத்தாளர்களின் துறை.

செய்யக்கூடிய வேலைகள் உண்டு. 1933-45க்குச் செய்யும் விசாரணையைக் காலனியப் போர்க் கொள்ளைகளுக்கும் செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஓட்டை உள்ள இடத்தை 'தெரியவில்லை' என்று அச்சிடச் சொல்லலாம். இங்கே பழைய கம்பெனிகளின் கூலிக் கணக்குகள், கண்காட்சி அறிக்கைகள் ஆகியவற்றில் பத்தர்களின் பெயரைத் தேடும் ஆராய்ச்சியாளர் ஒருவராவது வேண்டும். பட்டறைத் தெருக்களில் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த வேலையை யார் செய்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மியூனிக் குமாஸ்தாவின் சீட்டு அதைவிடச் சின்னது. எண்பது வருஷம் கழித்து அதை வைத்துத்தான் ஒரு குடும்பத்தின் கோப்பை வீடு திரும்பியது.