கோரையிடம் ஒப்படைக்கப்பட்ட கழிவுநீர்

கலிபோர்னியாவின் வட பகுதியில், ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் அமைந்துள்ள ஆர்கேட்டா, ஏறத்தாழ 18,000 பேர் வாழும் சிறு நகரம். அதன் வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீர், கோரையும் சம்பும் அடர்ந்த சதுப்பு நிலங்களின் ஊடே மெல்ல நடந்து தெளிந்த பின்னரே கடலைச் சேர்கிறது. அந்த விரிகுடாவில் உணவுக்கான சிப்பிகள் வளர்க்கப்படுகின்றன. சிப்பி தன்னைச் சூழ்ந்த நீரை ஓயாது உள்ளிழுத்து வடிகட்டி உண்பதால், நீரில் கலந்த நோய்க்கிருமிகள் அதன் உடலில் திரண்டு, அதை உண்பவரையும் வந்தடையக்கூடும். ஆகவே கழிவுநீரைத் தூய்மையாக்குவது அங்கே பலருடைய பிழைப்போடு பிணைந்த காரியமாகும்.

1974-ஆம் ஆண்டில் கலிபோர்னிய மாநிலம், விடப்படும் நீரால் நீர்நிலையின் வளம் மேம்படும் என்று மெய்ப்பித்தாலன்றி விரிகுடாக்களில் கழிவுநீரை விடக் கூடாது என்று விதித்தது. இதையொட்டி, சுற்றியுள்ள ஊர்களின் கழிவுநீரையெல்லாம் குழாய்களில் திரட்டிப் பொது நிலையமொன்றில் சுத்திகரித்துப் பெருங்கடலில் விடும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டபோது, அதன் செலவு தம் ஊருக்குத் தாங்காது என்று ஆர்கேட்டா மக்கள் எதிர்த்தனர். ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீனியல் பேராசிரியர் ஜார்ஜ் ஆலன், சுத்திகரித்த கழிவுநீரைக் கடல்நீரோடு கலந்து அதில் சால்மன் குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருந்தார். பொறியியல் பேராசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட், சதுப்புநிலச் செடிகளைக் கொண்டு அந்நீரை மேலும் தெளியவைக்கலாம் என்பதைச் சோதனைகளின் வழியே நிறுவ முனைந்தார். தடையிலேயே பொதிந்திருந்த விலக்கைப் பற்றிக்கொண்டு ஒரு சிற்றூர் நடத்திய இந்த வாதம், கழிவுநீரின் வரலாற்றில் அரியது. கைவிடப்பட்ட குப்பைமேடும் மர ஆலை நிலமும் கிடந்த கரை சதுப்பாக மாற்றப்பட்டு 1981-இல் காப்பிடமாகத் திறக்கப்பட்டது. அவ்வாதம் ஏற்கப்பட்டு, 1986-இல் கழிவுநீரைத் தூய்மையாக்கும் அமைப்பு முழுவதும் இயங்கத் தொடங்கியது.

முதற்கட்டம் எந்த ஊர் நிலையத்திலும் காணப்படுவதே. கம்பிச் சல்லடை துணி, பிளாஸ்டிக் போன்றவற்றைத் தடுக்கிறது, மணல் படிகிறது, பின்னர் பெருந்தொட்டிகளில் நீர் அசையாது நிற்கும்போது கனமான கசடு அடியில் தங்குகிறது. அக்கசடு காற்றுப் புகாத கலங்களில் செரிக்கப்படுகையில் சாண எரிவாயுவை ஒத்த வாயு எழுகிறது.

இதன் பின் நீர் அகன்ற, ஆழம் குறைந்த ஆக்சிஜனேற்றக் குளங்களை அடைகிறது. நீரில் கரைந்துள்ள கரிமக் கழிவைப் பாக்டீரியாக்கள் உண்கின்றன; அவை சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும் என்ற அளவே உயிர்வழி ஆக்சிஜன் தேவை எனப்படுகிறது. அது மிகுந்த நீரைக் கடலில் விட்டால், அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறும். எந்திர நிலையங்கள் மின்சாரம் கொண்டு காற்றை ஊதித் தரும் ஆக்சிஜனை, இக்குளங்களில் வெயிலை உண்டு வளரும் பாசிகள் பெருமளவு தந்துவிடுகின்றன. ஆனால் உதவிக்கு வந்த பாசியே அடுத்த சிக்கலாகிறது: நுண்பாசி கலங்கிய பச்சை நீரை அப்படியே வெளியேற்றினால், அது மிதக்கும் திடப்பொருளாகவும் புதிய கரிமச் சுமையாகவும் கடலைச் சேரும்.

சதுப்பு நிலத்தின் பங்கு இங்கேதான் விளங்குகிறது. நெருங்கி வளர்ந்த கோரை நீர்ப்பரப்பின் மீது நிழல் பரப்புவதால், ஒளியிழந்த பாசி மடிந்து அடியில் படிகிறது. தண்டுகள் நீரோட்டத்தைத் தணிக்கின்றன. நீரில் மூழ்கிய தண்டுகள்மேல் படலமாகப் படியும் நுண்ணுயிர்கள் எஞ்சிய கழிவை உண்கின்றன. தூய்மையாக்குவது செடி என்று பலர் எண்ணினாலும், செடி பெரும்பாலும் நிழலும் குடியிருப்பும் தருகிறது; உழைப்பு நுண்ணுயிருடையது. நோய்க்கிருமிகளைக் கொல்லும் பொறுப்பு மட்டும் சதுப்பிடம் விடப்படவில்லை. அதற்குக் குளோரின் சேர்க்கப்பட்டு, அது கடலுயிர்களுக்குத் தீங்காகாதபடி பின்னர் நீக்கப்பட்டும் வந்துள்ளது.

முந்நூறுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ள அச்சதுப்பில், மக்கள் தாம் வெளியேற்றிய நீரின் ஓரமாகவே நடைபயில்கின்றனர். எனினும் இம்முறைக்குப் பரந்த நிலமும் பல நாள் அவகாசமும் வேண்டும். நெருக்கமான பெருநகரம் இதை அப்படியே நகலெடுக்க இயலாது. மேலும், கடலருகே இருப்பதே இன்று ஆபத்தாகியுள்ளது: கடல்மட்டம் உயர்வதோடு, புவித்தட்டுகளின் அசைவால் விரிகுடாவைச் சுற்றிய நிலமும் தாழ்ந்து வருவதால், கலிபோர்னியக் கரையிலேயே கடல் மிக விரைவாக ஏறும் இடம் ஹம்போல்ட் விரிகுடா. குளங்களைக் கடலிலிருந்து பிரிக்கும் கரைகளை எவ்வளவு காலம் உயர்த்திக் காப்பது, எப்போது உள்நிலத்திற்கு நகர்வது என்ற கேள்வி அந்நகரத்தின்முன் நிற்கிறது.