133 டெராபைட் பாட்டு

சர்வர் மாற்றும் பணியின்போது பயனர்கள் ஏற்றிவைத்த பழைய கோப்புகள் போய்விட்டதாக 2019 மார்ச்சில் மைஸ்பேஸ் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2003 முதல் 2015 வரையிலான 12 ஆண்டுச் சேமிப்பு அது. செய்திகளில் வந்த கணக்குப்படி 1.4 கோடி இசைக்கலைஞர்கள், 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள்.

அடுத்த மாதமே இன்டர்நெட் ஆர்கைவ் அவற்றில் 4,90,000 பாடல்களை வெளியிட்டது. 2008–2010 காலத்தில் ஆய்வு ஒன்றுக்காகக் கல்வியாளர்கள் இறக்கி வைத்திருந்தவை. எண்ணிக்கையில் இது இழப்பின் 0.98 சதவீதம், அளவு 1.3 டெராபைட். ஆகவே ஒரு பாடலுக்குச் சராசரி 2.65 மெகாபைட். இதே சராசரியை 5 கோடிக்கும் வைத்தால் வருவது 133 டெராபைட். 2019 தொடக்கத்தில் 14 டெராபைட் ஹார்ட் டிஸ்க் விற்பனையில் இருந்தது. 10 டிஸ்க் போதும். 2010-க்குப் பிறகு ஏற்றிய பாடல்கள் பெரியவையாக இருந்திருக்கலாம் என்பதால் சராசரியை மூன்று மடங்காக்கிப் பார்த்தாலும் 29 டிஸ்க்கைத் தாண்டவில்லை.

விலையையும் போட்டுப் பார்க்கலாம். லட்சக்கணக்கில் டிஸ்க் வாங்கும் பேக்பிளேஸ் நிறுவனம் 2009-இல் ஒரு ஜி.பி.க்கு 11 சென்ட் கொடுத்தது, 2017-இல் 2.8 சென்ட், 2022-இல் 1.4 சென்ட். 2017 விலையில் 133 டெராபைட்டுக்கு 3,724 டாலர். கலைஞர் ஒருவருக்கு 0.027 சென்ட். மின்சாரம், இடம், ஆள் செலவு எல்லாம் சேர்த்துப் பத்து மடங்கு என்றாலும் 37,240 டாலர். கைகொடுக்கும் இரண்டாம் நகல் இல்லாமற்போனதற்கு டிஸ்க் விலை காரணம் என்று சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை.

வீட்டுச் சேமிப்புக்கு வருவோம். சராசரி 5 நிமிடமுள்ள 10,000 பாடல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சிடி ஒலி நொடிக்கு 1,76,400 பைட். 5 நிமிடத்துக்கு 52.9 மெகாபைட், மொத்தம் 529 ஜி.பி. தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் 60 சதவீதம் என்று கொண்டால் 318 ஜி.பி. நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3 என்றால் 120 ஜி.பி.; 128 கிலோபிட் என்றால் 48 ஜி.பி.

யுஎஸ்பி 2.0 காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 35 கிடைக்கும். 318 ஜி.பி. நகர 2 மணி 31 நிமிடம். யுஎஸ்பி 3.0 காகிதத்தில் 5 ஜிகாபிட். ஆனால் கையடக்க டிஸ்க் சுழன்று தருவது நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட்தான், எனவே 53 நிமிடம். இங்கே தடை கேபிள் அல்ல, டிஸ்க். போய்ச் சேர்ந்ததைச் சரிபார்க்க இரு டிஸ்க்குகளையும் ஒரே நேரத்தில் மறுபடி படிக்க இன்னொரு 53 நிமிடம். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது 53 நிமிடத்தைத்தான். சரிபார்ப்புக்கு ஒரு கோப்புக்கு 64 எழுத்துள்ள ஷா-256 எண் போதும். 10,000 கோப்புகளுக்கு, பெயர்கள் நீங்கலாக, 0.64 மெகாபைட். சேமிப்பில் அது 5 லட்சத்தில் ஒரு பங்கு.

‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்தால் கணக்கு வேறு. இரண்டு டிஸ்க்குகளுக்கிடையே அது நகலெடுத்து, பிறகு மூலத்தை அழிக்கும் வேலை. முன்பும் நகல் 1, பின்பும் 1.

சரிபார்க்கும்போது அளவு மட்டும் பார்ப்பவர் திகைக்கக்கூடும். மேக்கில் 318 ஜி.பி. என்று காட்டும் அதே கோப்புறை விண்டோஸில் 296. எதுவும் தொலையவில்லை: முன்னது 100 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது, பின்னது 107.37 கோடியை. ஒப்பிட வேண்டியது கோப்பு எண்ணிக்கையையும் மொத்த பைட்டையும்.

தமிழில் பெயரிட்டவர்களுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், கோப்புப் பெயருக்கு 255 குறியீடுகளை அனுமதிக்கிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 அனுமதிப்பது 255 பைட். ‘சிந்து பைரவி’ நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடில் 11 குறியீடும் ஓர் இடைவெளியும். இஎக்ஸ்டி4-இல் 34 பைட். ஆங்கில எழுத்துகளில் அதே பெயர் 15 பைட். படம், பாடகர், இசையமைப்பாளர் எல்லாவற்றையும் தமிழில் சேர்த்து 85 தமிழ்க் குறியீடுகளைத் தாண்டிய பெயர் விண்டோஸில் இருக்கும், இஎக்ஸ்டி4-இல் ஏறாது. 10,000 கோப்புகளில் 40 இப்படி நின்றாலும் மொத்த அளவில் 0.4 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது.

டிஸ்க் பழுதாகும் விகிதம் பேக்பிளேஸ் பதிவுகளில் 2020-இல் 0.93 சதவீதம், 2021-இல் 1.01, 2022-இல் 1.37, 2023-இல் 1.40. கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் முதலாண்டு டிஸ்க்குகளுக்கு 1.7 சதவீதம், மூன்றாமாண்டு டிஸ்க்குகளுக்கு 8.6 சதவீதம். இவை தரவு மையக் கணக்குகள்; மேசையிலிருந்து கீழே விழும் டிஸ்க் இவற்றில் இல்லை. 1.4 சதவீதம் என்றே கொண்டாலும் ஒற்றை டிஸ்க் 5 ஆண்டுக்குள் பழுதாக 6.8 சதவீத வாய்ப்பு. தனித்தனியான இரண்டும் ஒரே ஆண்டில் போக 5,100-இல் 1. ஒரே பையில் வைத்த இரண்டுக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது. பை தொலைந்தால் இரண்டும் போகும். வேறொரு வீட்டில் வைக்கும் மூன்றாவது நகலுக்கான 318 ஜி.பி. இடம், 2022-இன் 1.4 சென்ட் விலையில், 4 டாலர் 45 சென்ட். சில்லறை விலை இதைவிடக் கூடுதலாக இருக்கும்.